அந்தப் பக்கம் பிடி

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் நீ அழுதுவிடுவாய், அதனால் எழுதுகிறேன். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை நேற்று அத்தான் உளறிவிட்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கே வந்துவிட்டாராமே! "அவ சுகர் பேஷன்ட், கேட்டா தாங்க மாட்டா" என்று எல்லார் வாயையும் அடைத்தது நீதானாம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. ஊசி போடுகிறேன், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். என்ன வேலை என்று நினைவிருக்கிறதா? இடுப்பு முறிந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது. இன்று காலைகூட ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். ஊரார் அப்பாக்களையெல்லாம் நான் தூக்கி நிறுத்துகிறேன். நம் அப்பாவைத் தனியாகத் தூக்கப் போய் நீ முதுகுப் பிடிப்போடு கிடக்கிறாயாம். இப்போது சொல், நம் இருவரில் யாருக்கு உடம்பு சரியில்லை?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் ஊசி என் பையில் இருக்கும், அது என் பாடு. கதவைத் திறந்ததும் "உடம்பு எப்படி இருக்கு?" என்று ஆரம்பிக்காதே. "வந்துட்டியா, அந்தப் பக்கம் பிடி" என்று சொல்.

உன் தங்கை