உறைக்குள் இருந்த மழை

நீ போய்ப் பதின்மூன்று நாள் ஆகிறது. இன்று காலை உன் மகள் ஒரு பழைய பர்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே நான்காக மடித்த, பழுப்பேறிய தாள். பார்த்ததுமே என் கையெழுத்து தெரிந்துவிட்டது.

"அத்த, அம்மா இத வச்சுத்தான் தமிழ் எழுத்து படிச்சாவ. நீங்க பிரைஸ் வாங்குன பேச்சாமே!" என்றாள்.

தாராவியில் அந்தப் பொங்கல் விழாப் பேச்சுப்போட்டி. தலைப்பு ஒட்டிய உறைக்குள் இருக்கும், மேடையில்தான் பிரிப்பார்கள். எழுதி ஒட்டியது என் பெரியப்பா. ஒட்டுமுன்பே நான் எட்டிப் பார்த்துவிட்டேன்: மழை. பார்க்க வைத்தது உன் பேச்சுதான். குழாயடியில் நீ பேச ஆரம்பித்தால் பெண்கள் குடம் வழிவதைக்கூட மறந்து நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

எழுதி மனப்பாடம் செய்தேன். மேடைக்குத் தாள் கொண்டுபோகக் கூடாது என்றதும், உறை பிரிக்குமுன் அதை உன்னிடம்தான் கொடுத்தேன். நீ இந்திப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தமிழ் எழுத்து தெரியாது என்ற தைரியம். ஜெயித்த மிதப்பில் திருப்பி வாங்க மறந்துபோனேன்.

வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது உன் அம்மா தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு உங்களைத் தண்ணீரில் நிறுத்திய கதையை நீ சொன்னாய். கூட்டம் சிரித்தது, பிறகு கப்சிப் ஆனது. ஆனால் உன் பேச்சில் இந்தி கலந்திருந்ததாம். முதல் பரிசு எனக்கு. "நல்லா பேசுனட்டி" என்று கட்டிக்கொண்டாய்.

அந்தப் பரிசுக்குப் பிறகு கோயில் கொடை விழா, கல்யாணம் என்று எல்லா மைக்கும் என் கைக்கு வந்தது. உன்னை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனாலும் சயான் ஸ்டேஷனில் பழைய ஆட்கள் என்னைப் பார்த்தால், "அந்த மிஷின் கதை சொன்ன பிள்ள எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். என் பேச்சில் ஒரு வரிகூட யாருக்கும் நினைவில்லை. எனக்கே இல்லை.

தாளில் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் இந்தி எழுத்தில் எழுதிப் பழகியிருக்கிறாய். அப்படியென்றால் மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் 'மழை'யையும் படித்திருக்கிறாய். எல்லாம் தெரிந்தும், பெற்ற மகளிடம்கூட என்னைப் பெருமையாகவே சொல்லியிருக்கிறாய். இதிலும் நீதான் ஜெயித்தாய். இதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, போ.

உன் பதினாறாம் நாளுக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நீங்கதான் அத்த நல்லா பேசுவிய" என்கிறாள் உன் மகள். இந்த முறை எதுவும் எழுதவில்லை. அன்று உன்னிடம் கொடுத்ததுபோல இந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். இதை நான் எப்போது எழுதினேன் என்பதுதான் என் முதல் வரி.