ஐந்தே முக்காலுக்குப் போன பட்டியல்

மச்சான்,

ஒருகொடவத்தை அலுவலகத்தைக் காலி செய்கிறோம். மூலையில் ஓடாமல் கிடந்த பழைய கொம்பியூட்டரை இன்று இறக்கியபோது, திரையின் ஓரத்தில் உன் கையெழுத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. ‘ஐந்தே முக்கால். கையால் ஓட்டு. தானாக ஓடும் என்று நம்பாதே.’ உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு வேலை ஓடவில்லை. கனடாவில் நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது.

துறைமுக வாசலுக்கு ஒவ்வொரு காலையும் எங்கள் லொறிச் சாரதிகளின் பெயர்ப்பட்டியல் மின்னஞ்சலில் போகவேண்டும். பெயரில்லாதவனை உள்ளே விடமாட்டார்கள்; அவன் தமிழனாக இருந்தால் ஓரமாக நிறுத்தி விசாரிப்பார்கள். பட்டியலை எடுத்து அனுப்பும் சின்ன நிரலை எழுதியவன் நான். பகலில் என் மேசையிலிருந்து அந்தக் கொம்பியூட்டருக்குள் நுழைந்து ஓட்டினால் பெயர்கள் ஒழுங்காக வரும். ஐந்தரைக்குத் தானாக ஓடும்படி விட்டால் வெறும் தாள் போகும்.

“எனக்கு ஓடுதே” என்று சொல்லிச் சொல்லியே ஒன்றரை மாதம் கடத்தினேன். வெள்ளவத்தையிலிருந்து வருவதற்குள் இரண்டு சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, மேசைக்கு வரும்போதே பாதி உயிர் போய்விடும். அதற்குமேல் எதைத் தோண்டிப் பார்க்க? நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன். நீ கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்தாய். “விடு மச்சான், எனக்குக் கிட்டத்தானே. நான் விடிய வந்து கையால ஓட்டிவிடுறன்” என்றாய். நானும் விட்டேன். நீ வரவர, அதைத் திருத்தும் அவசரமே எனக்கு இல்லாமல் போயிற்று.

அந்த வியாழக்கிழமை வாசலிலிருந்து தொலைபேசி வந்தது. பட்டியலில் ஒரு பெயரும் இல்லையாம். அப்போதுதான் நீ வரவில்லை என்று தெரிந்தது. பட்டியலை நானே ஓட்டி அனுப்பிவிட்டு உன் வீட்டுக்கார அம்மாவிடம் ஓடினேன். முதல்நாள் சட்டையை நீ தோய்க்கப் போட்டிருந்தாய்; இந்த நகரத்தில் தங்கும் தமிழர் கேட்டவுடன் காட்டவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு அதன் பையிலேயே இருந்துவிட்டது. சந்தியில் உன்னை ஜீப்பில் ஏற்றியதைப் பேக்கரிக்காரர் கண்டிருக்கிறார். நனைந்திருந்த பதிவுத் துண்டை வாங்கிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நாளைக்கு வரச்சொன்னார்கள்.

திரும்பி வந்து என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கொம்பியூட்டரின் முன்னால் இருந்தேன். அதற்குள்ளேயே ஓர் அஞ்சற்பெட்டி உண்டு. நாங்கள் யாரும் திறந்ததில்லை. திறந்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள், காலைக்கு ஒன்றாக. எல்லாவற்றிலும் ஒரே வரி: கூப்பிட்ட நிரலைக் காணவில்லை. நாங்கள் உள்ளே நுழையும்போது எது எங்கே இருக்கிறது என்ற விவரமும் எங்களோடு வந்துவிடுகிறது. தானாக ஓடும் வேலைக்கு அது எதுவும் தெரியாது; நிரல் இருக்கும் முழு இடத்தையும் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஐந்தரைக்கு எல்லாப் பெயரும் போயின.

அன்று பின்னேரம் உன்னை விட்டார்கள். அதன்பிறகு உன் இடது காது கேட்கவில்லை. உன்னோடு கதைப்பவர்கள் வலப்பக்கம் வந்து நிற்கவேண்டியிருந்தது. தேத்தண்ணிக் கடையில் பிழை என்னவென்று சொன்னபோது நீ சிரித்தாய். “அதுவும் என்னை மாதிரித் துண்டில்லாமத்தான் வெளிக்கிட்டிருக்கு” என்றாய். பிறகு கேட்டாய்: “கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது?”

“முழுநாளும் மினக்கெட்டனான்” என்றேன். “பாவமடா நீ” என்று என் முதுகைத் தட்டினாய்.

அடுத்த வருடம் நீ கனடாவுக்குப் போய்விட்டாய். பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் தொலைபேசியில் கதைத்தோம். நீ ஒவ்வொரு முறையும் கருவியை வலது காதுக்கு மாற்றும் சத்தம் எனக்குக் கேட்கும். அப்போதும் சொல்லவில்லை. இன்றும் எந்த வேலையைத் தானாக ஓடவிட்டாலும் முழு இடத்தையும் எழுதுகிறேன். காலையில் முதலில் அஞ்சற்பெட்டியைத் திறக்கிறேன். அதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும்.

ஐந்து நிமிடம், மச்சான். ஐந்து நிமிடம்தான் எடுத்தது.