இளவரசிக்கு இசைப்பள்ளி தேடிய ஓலை

குன்றும் ஆறும் தேவரீர் பெயர் சொல்லி விடியும் நெடுவாகை நாட்டின் தனிக்குடை வேந்தர், பகைவர் கனவிலும் முரசறையும் அடலேறு வாகைமாறர் திருவடிக்கு, மூத்த அமைச்சன் பெருஞ்சாத்தன் பணிந்து எழுதும் ஓலை. கோட்டை நலமே நிற்க; யானைகள் நலமே உண்க; தேவரீர் செவிகள் இன்றாவது நலமே கேட்க.

இளவரசி நன்முகையார்க்கு நல்ல இசைப்பள்ளி தேர்ந்து வருமாறு பணித்தீர்கள். தைத் திங்களில் அவர் கோயிலின் கல்தூண் முன் பாடவேண்டும். தட்டினால் ஒலிக்கும் அத்தூணோடு குரல் சேர்ந்தாலன்றி முடிசூட்டு இல்லை என்பது முன்னோர் வைத்த வழக்கு.

முதலில் தலைநகர்ப் பெரும்பள்ளிக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்குள்ள பேராசான் பாடினால் மேகம் நின்று கேட்குமாம். உண்மைதான், அன்று நின்ற மேகம் இன்னும் நகரவில்லை, துணி காயவில்லையென்று ஊரார் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். இளவரசியார் பாடினார். குரல் சுருதியை விட்டு வடக்கே போயிற்று. ஆசான் முறுக்காணியைத் திருகி யாழையும் வடக்கே அனுப்பிவைத்து, ஆகா என்றார். அரச குருதியைப் பிழை என்றவன் நாவிழப்பான் என்பது நம் சட்டமன்றோ? அதனால் அரண்மனையிலும் இத்தனை ஆண்டுகளாக யாழ்தான் இளவரசியாரைக் கற்று வருகிறது, நன்றாகவே கற்றுவிட்டது.

பின்பு ஆற்றங்கரையில் பூங்கணியார் என்னும் ஆசிரியையின் பள்ளியை அடைந்தோம். கூரை ஒழுகுகிறது, யாழ் ஒழுங்காயிருக்கிறது. இளவரசியார் வாய் திறந்த மாத்திரத்தில், தப்பும்மா, மறுபடி பாடு என்றுவிட்டார். காவலர் வாளில் கைவைத்தனர். நாவை அறுப்பதானால் பாடம் முடிந்தபின் அறுத்துக்கொள்ளுங்கள், இப்போது வெளிச்சத்தை மறைக்காதீர்கள் என்று அவர்களை வெளியே அனுப்பினார் அம்மையார்.

இளவரசியார் அழுதார். மறுபடி பாடினார். மாலைக்குள் ஒரே ஒரு சுரம், முறுக்காணி அசையாமலே, யாழோடு சேர்ந்தது. அப்போது அவர் சிரித்த சிரிப்பை அரண்மனைக் கைதட்டல் எதற்கும் நான் கண்டதில்லை. இனி இங்கிருந்து வரமாட்டாராம். காவலரோ, பாடம் எப்போது முடியும் என்று வாளோடு வாயிலில் காத்திருக்கிறார்கள்.

ஆகவே, பூங்கணியார் நாவுக்கு அபயம் தந்து, உடன்வரும் ஏட்டில் இலச்சினை பொறித்தருள்க. திருவுளம் இல்லையேல் கல்தச்சரை அனுப்புக; தைக்குள் தூணைச் செதுக்கி இளவரசியார் சுருதிக்குக் கொண்டுவரட்டும். தூணுக்கு நம் சட்டத்தை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். பழைய சுருதியிலேயே ஒலிக்கிறது.

இங்ஙனம், இந்த ஓலை எழுதும்வரை நாவுடைய பெருஞ்சாத்தன் கையொப்பம்.