கறுப்பு பூசிய தெருவிளக்கு

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி வழக்கமான ஆணியில்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இருட்டில் படியில் விழுந்து உடைந்த இடுப்புக்கு இன்று ஆபரேஷன். "படி இருக்கறதே கண்ணுக்குத் தெரியலம்மா, தெருவிளக்குக்கு என்ன ஆச்சோ" என்று நேற்று என்னிடமே கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நம் கட்டிலில் விழும் வெளிச்சத்தை மறைக்க, நம் பக்கம் மட்டும்தான் கறுப்பு பூசச் சொன்னேன். நீங்கள் விளக்கு முழுக்கப் பூசிவிட்டீர்கள். நாலு ராத்திரி நன்றாகத்தான் தூங்கினோம்.

நாலு மணிக்கு விளக்கை மாற்ற லைன்மேன் வருவார். யாரோ விஷமிகள் வேலை என்பார். தலையாட்டாதீர்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பி.கு.: பழி முழுவதையும் நீங்களே ஏற்க வேண்டாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அதையும் சொல்லுங்கள்.