வெட்டிவேர் பாய்லர் விற்பனைக்கு இல்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கித் திடமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இருமல் நின்றதா? தைலம் வடிக்கிற பாய்லரை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லி நீ போனில் பேசும்போதெல்லாம் உம் கொட்டினேன், பதிலை இப்போது சொல்கிறேன், விற்கப் போவதில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அப்பாவுக்கு வாசனை தெரியவில்லை என்பது உண்மைதான். அவர் வீம்புதான் உனக்குத் தெரியுமே, அதை என்னிடமே மறைத்தார். ஒரு நாள் வெட்டிவேரைப் போட்டு அடுப்பை மூட்டிவிட்டுப் பக்கத்திலேயே பேப்பர் படிக்கிறார், உள்ளே தண்ணீர் வற்றி வேர் தீய்ந்து தெருவே இருமுகிறது, மனுஷன் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டுகிறார். அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. வடிந்த தைலம் முழுக்கக் கருகல் நாற்றம், சென்ட் கம்பெனிக்காரர் மூடியைத் திறந்த கையோடு மூடிவிட்டார்.

இப்போது மூக்கு என்னுடையது, விரல் அவருடையது. வடிகிற தைலத்தை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, இன்னும் கனம் ஏறலை, எரியட்டும் என்கிறார். கடைசியில் வரும் கெட்டித் தைலத்தில்தானே மண்வாசனையே இருக்கிறது. முதலில் நான் முகர்ந்துவிட்டு நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன், இது என்ன காப்பியா, ஒழுங்கா சொல்லு என்று எரிந்து விழுந்தார். இப்போது, பச்சை வாடை போச்சு, நனைஞ்ச மண் வந்துடுச்சு, அடியில கொஞ்சம் புகை இருக்கு என்றெல்லாம் நானும் அளக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டேதான் வேலை நடக்கிறது, ஆனால் நடக்கிறது. போன வாரம் வடித்ததைச் சென்ட் கம்பெனிக்காரர் முகர்ந்து பார்த்து, அடுத்த தடவையும் எனக்கே கொடுங்க என்று மொத்தத்தையும் எடுத்துப் போனார். அப்பா அன்று விசிலடித்துக்கொண்டே பாய்லரைக் கழுவினார்.

செவ்வாய்க்கிழமை அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஒருவர் டேப்போடு வந்து பாய்லரை அளக்க ஆரம்பித்தார். யார் என்று கேட்டேன், உங்க பையன்தான் அனுப்பினார், விலை பேசியாச்சு என்றார். உனக்கு எங்கள் மேல் கவலை, அது புரிகிறது. கேட்காமல் செய்தாயே, அதுதான் வலித்தது. அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் விற்கிற பேச்சை எடுக்காதே, இந்தத் தடவை வேர் எப்படி என்று கேள். செவ்வாய்க்கிழமை அப்பா கேட்டைத் தாண்டி வரும்போதுதான் டேப்போடு வந்த அந்த ஆள் வெளியே போனார். யார் அது என்று கேட்டார், வீடு மாறி வந்துவிட்டார் என்றேன். சின்ன வயதிலிருந்து உனக்காக அவரிடம் நான் சொன்ன பொய்கள் கொஞ்சமில்லை, இதுதான் கடைசி.

இப்படிக்கு,
உன் அம்மா