வெறுமையாய் வந்த தூக்கு

உத்திரமேரூர்
30.11.2001

அருமை மகன் தௌசீபுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், ரியாத்தில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நல்ல மழை, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே போகிறது. அத்தாவுக்கு முட்டி வலிதான், நோன்பை விடுங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர். நீயும் விடியுமுன் ஸஹருக்கு வெறும் டீயைக் குடித்துவிட்டு நோன்பு பிடிக்காதே, வயிறு புண்ணாகிவிடும்.

நீ விட்டுப்போன தலையணை மாதிரியான ரஷ்ய நாவலைப் படித்து முடித்தேன். ஒரு ஆளுக்கு மூன்று பெயர், ஒன்றும் வாயில் நுழையவில்லை, அதனால் எல்லாருக்கும் நம் தெரு ஆட்கள் பெயரை வைத்துக்கொண்டேன். பொய்ச்சாட்சி சொல்லிப் பக்கத்து வீட்டானைச் சைபீரியாவுக்கு அனுப்புகிற மாவுமில்காரனுக்கு ஏகாம்பரம் என்று வைத்தேன். பஸ் ஸ்டாண்டு சண்டையில் தன் தங்கை மகனைக் காப்பாற்ற, முதல் கல்லை நீதான் விட்டாய் என்று போலீசில் சொல்லி உன்னை ஒரு ராத்திரி உள்ளே உட்கார வைத்தவர் பெயரை வேறு யாருக்கு வைப்பது. ஆனால் அந்த மில்காரன் கடைசியில் வெள்ளத்தில் இறங்கி, சைபீரியாவுக்குப் போனவனின் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கரையேற்றுகிறான். அந்தப் பக்கத்தில் நீ பென்சிலால் 'நடிப்பு' என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. கெட்டவன் கெட்டவனாகவே இருந்துவிட்டால் நமக்குச் சுலபம்.

இதற்கிடையில் உன் புது அண்ணி ஹசீனா, பழைய கதை தெரியாமல், தெரு முழுக்க நோன்புக் கஞ்சி கொடுத்தவள் ஏகாம்பரம் வீட்டுக்கும் ஒரு தூக்கில் கொடுத்துவிட்டாள். நான் திட்டினேன், பாவம், அழுதுவிட்டாள். ஒரு வாரமாகியும் தூக்கு திரும்பவில்லை, கஞ்சியும் போச்சு தூக்கும் போச்சு என்று நான் புலம்பாத நாளில்லை. நேற்று நோன்பு திறக்கிற நேரம், மழையில் நனைந்துகொண்டு அவரே எடுத்துவந்து நின்றார். திறந்தால் வெறும் தூக்கு. வாங்கின பாத்திரத்தில் ஒரு பிடி அரிசியோ ஒரு கொத்து முருங்கைக்கீரையோ போடாமல் நம் தெருவில் யார் திருப்பித் தந்திருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் தலை நிமிராமல், அரிசி போட்டுப் பாத்தேன், வெல்லம் போட்டுப் பாத்தேன் தங்கச்சி, நான் பண்ணதுக்கு எதுவும் சரியா படல, வெறும் தூக்கா குடுக்கவும் வெக்கமா கீது, அதான் இத்தினி நாளா வூட்லயே வச்சிக்கினு இருந்தேன் என்றார். இதற்கும் பக்கத்தில் நடிப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அத்தா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூக்கிலேயே அப்போது காய்ச்சியிருந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன்.

பெருநாளைக்குப் புதுச் சட்டை வாங்கிக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனதையும் தருவானாக. உள்ளே உட்கார்ந்தவன் நீ, உனக்குப் பதில் நான் மன்னிக்க முடியாது. ஆனால் தூக்கு இப்போது ஏகாம்பரம் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது, நான் கேட்கப் போவதில்லை. லீவில் வரும்போது நீ போய் வாங்கி வா.

உன் அம்மா,
தாஜுன்னிசா