ஒரே போனுக்குள் இருந்த பேக்கப்

ஏங்க,

குர்மா அடுப்பு மேலே இருக்கு, சூடு பண்ணிக்குங்க. அஃப்ஷான் குட்டியைத் தூக்கிக்கிட்டுப் பல்லாவரம் அம்மா வீட்டுக்குப் போறேன். கோபம் எல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கு.

உங்க லினக்ஸ் போன் ஃபிரிட்ஜ் மேலே. நேத்து புது சாஃப்ட்வேர் ஏத்தறேன்னு மொத்தத்தையும் துடைச்சீங்களே, குழந்தை முதல் தடவை பேசின பதிவையும் சேர்த்து! "பேக்கப் எடுத்துட்டேன் சித்திகா, எனக்கே சொல்லித் தர்றியா?"ன்னீங்க. எடுத்தீங்க, அதே போனுக்குள்ளே. வீட்டுச் சாவியை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்தின மாதிரி.

நான் போன வாரமே மெமரி கார்டுல தனியா ஒரு பேக்கப் எடுத்துக் கழட்டி வெச்சிருந்தேன். காலையில நீங்க குறட்டை விடறப்போ நானே ரீஸ்டோர் பண்ணிட்டேன். எல்லாம் வந்துடுச்சு. தாம்பரத்து லினக்ஸ் மேதை பட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும்.

சிட்லபாக்கம் ஜெயகிருஷ்ணன் சார் அவர் போனுக்கும் அந்தப் புது சாஃப்ட்வேரை ஏத்திக்க வருவார். டீ மட்டும் கொடுங்க. போனைத் தொடாதீங்க, நான் வந்து பார்த்துக்கறேன்.

சித்திகா

பி.கு: பதிவைப் போட்டுக் கேட்டேன். அவ முதல்ல கூப்பிட்டது "அத்தா"ன்னு உங்களைத்தான், என்னை இல்லை. அதை மட்டும் அழிச்சிருக்கலாம், அழிக்கலை. அந்தப் பெருந்தன்மைக்காவது சாயங்காலம் வந்து எங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க.